நலவழித் துணைவர்

நோய் இரு வகைப்படும். காய்ச்சலைப் போன்று சில நாள் வருத்திப் பின் நீங்குவது ஒன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலியவை போன்று வாழ்நாள் முழுவதும் உடனுறைவது மற்றொன்று. முன்னதற்கு மருத்துவரின் திறமும் மருந்தும் பெரும்பாலும் போதும். பின்னதற்கோ அவை மட்டும் போதா. நோயாளி மருத்துவர்முன் அமர்ந்திருப்பது சில மணித்துளிகளே. எஞ்சிய காலமெல்லாம் அவர் வீட்டிலும் தொழிற்களத்திலுமே இருக்கின்றார். அங்கு அவர் உண்பதும் உழைப்பதும் உறங்குவதுமே நோயை அடக்குகின்றன, அன்றேல் வளர்க்கின்றன.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. அதன் குறள்களுட் பல உணவின் அளவைப் பற்றியனவே. இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து மருந்து கொடுப்பவரையும் அவர் சேர்த்து எண்ணுகின்றார். இந்நான்காமவரின் பணியை ஒத்ததே இக்காலத்து நலவழிப் பயிற்சி. அமெரிக்க நாட்டில் இப்பணியாளர்க்கெனத் தேசியத் தேர்வொன்று 2017இல் தொடங்கப்பெற்றது.

நலவழித் துணைவர் மருத்துவர் அல்லர். நோயை இன்னதெனத் துணிவதும் மருந்தை மாற்றுவதும் அவர்தம் பணியல்ல. மருத்துவர் கூறியதை நோயாளி தம் வாழ்வில் கைக்கொள்ளத் துணைநிற்பதே அவர் கடமை. அவர் ஆணையிடார், வினவுவார், பொறுமையுடன் செவிமடுப்பார். பின்னர் இருவரும் கூடி, செய்யத்தக்க சிறு மாற்றம் ஒன்றைத் தேர்வர். அது பழக்கமான பின்னரே அடுத்ததை நாடுவர்.

இதன் இன்றியமையாமையை நாஞ்சில் நாட்டில் வைத்துக் காண்போம். குமரி மாவட்டத்திற்கு மருத்துவமனை புதிதன்று. நெய்யூரில் 1838ஆம் ஆண்டிலேயே மேலை மருத்துவப் பணி தொடங்கிற்று. ஆயினும், ‘சர்க்கரைதானே ஆகாது, கருப்பட்டிக் காப்பி அருந்தலாம் அன்றோ?’ என்று எண்ணுவோர் உளர். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துவதே. மரச்சீனிக் கிழங்கும் மாவுப் பொருள் மிக்கது. அதனை அறவே விலக்குக என்றால், மீன்குழம்போடு அதனை உண்டு பழகியவர் அவ்வுரையைச் சில நாளில் கைவிடுவர். கிழங்கின் அளவைக் குறைத்து, மீனையும் காய்கறியையும் கூட்டுக என்றால் அது நடைபெறும். விடியுமுன் கடலுக்குச் செல்லும் மீனவர்க்கோ, காலை உணவுக்குமுன் மாத்திரை உண்க என்னும் விதி பொருந்தாமற் போகலாம். துணைவர் அதனைக் கேட்டறிந்து மருத்துவரிடம் தெரிவிப்பின், தக்க வேளை குறிக்கப்படும்.

இத்தகைய வழிகாட்டலின் பயன் ஆராய்ச்சியாலும் விளங்கியுள்ளது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேரை ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுற்றனர். உணவு, உடலுழைப்பு ஆகியவற்றில் தொடர்ந்து வழிகாட்டப்பெற்றோருள் அவ்வாறு உற்றவர் 39.3 விழுக்காட்டினரே.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்படி மகளிர் தன்னார்வலர் இல்லந்தோறும் சென்று, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, மருந்தும் வழங்கினர். நலவழிப் பயிற்சிக்கு இஃது அண்மையதொரு பணியாகும். வாயிலில் வந்து நிற்பவரிடம் நோயாளி தம் இடர்ப்பாட்டைத் தயங்காது கூறுவர் அன்றோ?

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தொடக்கத்தில் வலி தாரா. வலியில்லை என மருந்தை நிறுத்துவோர், பின்னர்க் கண்ணொளியையோ சிறுநீரகத்தையோ காலையோ இழக்க நேரிடும். அவ்விழப்பைத் தடுப்பது பல வேளைகளில் அரியதொரு மருந்து அன்று. ‘இன்று மாத்திரை உண்டீர்களா? சிறிது நடந்தீர்களா?’ என்று பரிவுடன் வினவும் ஒருவரின் சொல்லே. நம் வீட்டு முதியோரிடம் அவ்வினாவை நாள்தோறும் கேட்பது நம்மாலும் இயல்வதே.