வெயில் அடிக்கிறது, விளக்கு எரியவில்லை!

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் சோளக்காடு, செம்மேடு என்று ஊர்கள் வரும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். மின்கம்பிகளும் இம்மரங்களுக்கு நடுவேதான் செல்கின்றன. ஐப்பசிக் காற்றில் ஒரு கிளை முறிந்து கம்பிமேல் சாய்ந்தால் போதும், ஊருக்கு மின்சாரம் போய்விடும்.

அங்கே ஒரு பள்ளியின் மாடியில் 5 கிலோவாட் சூரிய மின்பலகைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு அது, மின்கலம் கிடையாது. காலையில் அடித்த காற்றில் மின்தடை. பிறகு மேகம் விலகி வெயில் பளீரென்று அடிக்கிறது. ஆனாலும் வகுப்பில் விளக்கு எரியவில்லை! தலைக்கு மேலே மின்சாரத்தை வைத்துக்கொண்டு இருட்டில் உட்காருவதா என்று நீங்கள் கேட்கலாம். கருவியில் பழுது இல்லை. அது வேண்டுமென்றேதான் நின்றிருக்கிறது. ஏன்?

கிளையை அகற்றக் கம்பத்தில் ஏறும் லைன்மேனை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஊருக்கு வரும் உயரழுத்தக் கம்பியிலோ 11,000 அல்லது 22,000 வோல்ட். இடையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்துத் தருகிறது. இந்த டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதமே தெரியாது. வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட் கொடுத்தால், 11,000 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக ஏற்றி அனுப்பிவிடும்! துணை மின்நிலையத்தில் நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கை வைப்பவரின் கதி என்ன? கம்பியைச் சோதித்து, இரு பக்கமும் எர்த் செய்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பது விதிதான். ஆனால் கொட்டும் மழையில், அவசரத்தில், ஒரு மனிதரின் நினைவாற்றலை மட்டும் நம்பி உயிரை விடலாமா?

பெரிய மின்தொகுப்பிலிருந்து துண்டான ஒரு பகுதி, தன் சொந்த மின்சாரத்தில் உயிரோடு இருப்பதைப் பொறியாளர்கள் 'தீவு' என்கிறார்கள். சூரிய மின்சார இன்வெர்ட்டர் இத்தீவு உருவாகாமல் தடுத்தாக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகள் இதற்குக் கொடுத்த கெடு 2 விநாடி!

கம்பி துண்டானது இன்வெர்ட்டருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் எளிதில் தெரிந்துவிடும். பள்ளி 4 கிலோவாட் தருகிறது, அந்தப் பகுதி வீடுகள் 15 கிலோவாட் இழுக்கின்றன என்றால், மின்னழுத்தம் சடக்கென்று விழும். வீடுகளின் தேவை மிகக் குறைவாக இருந்தால் அது எகிறும். இன்வெர்ட்டர் உடனே விலகிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே தெரியுமா? பள்ளி தருவதும் 4 கிலோவாட், வீடுகள் இழுப்பதும் சரியாக 4 கிலோவாட் என்று அமைந்துவிட்டால்! அப்போது மின்னழுத்தமும் மாறாது, அலைவெண்ணும் மாறாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் கருவி ஏமாந்து போகும். இப்படிப் பொருந்துவது அபூர்வம்தான். ஆனால் லைன்மேனுக்கு ஒரு தடவை போதுமே!

இங்கேதான் அழகான தந்திரம் ஒன்று வருகிறது. நூறு பேர் கோலாட்டம் ஆடுகிறார்கள். அதில் ஒருத்தி மட்டும் தாளத்தைச் சற்று விரைவாக்கப் பார்க்கிறாள். நடக்குமா? மற்ற 99 பேரின் தாளம் அவளை இழுத்துப் பிடித்துவிடும். சுற்றிலும் யாருமே இல்லாதபோது? அவள் வைத்ததுதான் தாளம், ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் நாட்டு மின்சாரத்தின் தாளம் விநாடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் மின்பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு மற்றவற்றோடு இணைந்தது. அன்று முதல் கொல்லிமலைக்கும் காஷ்மீருக்கும் ஒரே தாளம்தான். இன்வெர்ட்டர் இந்தத் தாளத்தை ஓயாமல் இலேசாகத் தள்ளிப் பார்க்கிறது. 50 அசையவில்லையா? தொகுப்பு இருக்கிறது. 50.1, 50.3, 50.6 என்று ஓட ஆரம்பித்ததா? ஒவ்வோர் அடிக்கும் இன்வெர்ட்டர் மேலும் வலுவாகத் தள்ளும். எல்லையைத் தாண்டியதும் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். கண் இமைத்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

ஆனால், எதற்கெடுத்தாலும் விலகிக்கொள்வதும் ஆபத்தே. ஜெர்மனியில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே வீட்டுக் கூரை இன்வெர்ட்டர்கள் எல்லாவற்றையும் 50.2 ஹெர்ட்ஸில் நிற்கும்படி அமைத்திருந்தார்கள். வீடுகள் சிலவே இருந்தவரை சரி. இலட்சக்கணக்கில் பெருகியபின்? ஒரு நண்பகலில் அலைவெண் 50.2-ஐத் தொட்டால், ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒரே நொடியில் மறைந்து நாடே இருண்டுபோகக்கூடும்! எனவே 2012-இல் சட்டம் போட்டு, சுமார் 3 இலட்சம் அமைப்புகளைத் திருத்தினார்கள். தனி வீட்டுக்குப் பொருத்தமான விதி, ஊர் முழுதும் சேர்ந்தால் பொருந்துவதில்லை.

மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் வழி இருக்கிறது. மின்கலத்துடன் கூடிய 'ஹைப்ரிட்' இன்வெர்ட்டர் முதலில் மின்வாரியக் கம்பியை முற்றிலும் துண்டிக்கும்; பிறகே கட்டடத்துக்குள் மட்டும் மின்சாரம் தரும். இதுவும் தீவுதான், ஆனால் வேலி போட்ட தீவு. செலவு கூடும். எனினும் மரக்கிளைகள் அடிக்கடி விழும் மலையூருக்கு இதுவே ஏற்றது என்பேன்.

இன்வெர்ட்டருக்காவது இத்தனை புத்தி உண்டு. டீசல் ஜெனரேட்டருக்கு எதுவுமே தெரியாது. திருமண வீட்டிலோ கடையிலோ, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகுவதைக் கண்டால், பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்கும் போகும். அதை நிறுத்த 2 விநாடிக் கெடுவும் இல்லை, தாளம் பார்க்கும் கருவியும் இல்லை.

உங்கள் பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ கம்பியோடு இணைந்த சூரிய மின்சாரம் உண்டா? பகலில் மின்தடை வந்து நீங்கும்போது, எதையும் தொடாமல், இன்வெர்ட்டரின் முகப்பைக் கவனியுங்கள். மின்சாரம் வந்தவுடன் அது சேராது. அதே விதிகளின்படி, மின்னழுத்தமும் அலைவெண்ணும் குறைந்தது 60 விநாடி நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைய வேண்டும். சில கருவிகள் இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். உங்களுடையது எத்தனை விநாடி காத்திருக்கிறது? கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்.