நான்கு மலைத் தேநீர் ஒரே மேசையில்

மேல்நாட்டு நகரங்களில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை நாளில் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பார்கள். வட்டாரத்துக்கு ஒன்றாக நாலைந்து திராட்சை மதுப் புட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சுவைத்து, எந்த மண்ணின் ருசி எப்படி என்று பேசி மகிழ்வார்கள்.

நமக்கு அது ஒத்துவராது. மதுக் கிண்ணம் தோட்டத்தில் எத்தனை குடும்பங்களின் சம்பளத்தைக் குடித்தது என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால், அந்த வழக்கத்தில் உள்ள நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? மதுவுக்குப் பதிலாகத் தேயிலையை வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

நம் வீடுகளில் விடிந்தது முதல் அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. அது எந்த மலையில் விளைந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

எவற்றை வாங்குவது?

நான்கு வகை போதும். அதற்கு மேல் போனால் நாக்குக் களைத்துவிடும். சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள்.

முதலாவது, இலங்கையின் நுவரெலியா. ஏறத்தாழ 6,000 அடி உயரம். குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடும். சாறு வெளிர் பொன்னிறமாக இறங்கும். இரண்டாவது, தமிழ்நாட்டின் நீலகிரி. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை நல்ல வாசனையும் தெளிந்த நிறமும் உடையது. மூன்றாவது, நமது கேமரன் மலை. நான்காவது, இலங்கையின் தென்பகுதியான ருகுணு. இது 2,000 அடிக்குக் கீழே விளைவது. கறுத்த நிறம், கனத்த சுவை. ருகுணு கிடைக்காவிட்டால் அசாம் தேயிலை வாங்கலாம். அதுவும் திடமானதுதான்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பாக்கெட்டில் வட்டாரத்தின் பெயர் இருக்க வேண்டும். வெறுமனே 'சிலோன் டீ' என்றிருந்தால் பல மலைகளின் இலை கலந்திருக்கலாம். வாள் ஏந்திய சிங்க முத்திரை இருந்தால், அது முழுக்க இலங்கைத் தேயிலை, அங்கேயே பொட்டலமிட்டது என்று நம்பலாம்.

அடுத்து, நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும். தூள் என்றால் எல்லாம் தூள், இலை என்றால் எல்லாம் இலை. தூள் சீக்கிரம் சாயம் இறக்கும். ஒன்று தூளும் மற்றொன்று இலையுமாக இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது மலைகளை அல்ல, துகளின் அளவைத்தான். 'ஆரஞ்சு பீக்கோ' என்ற பெயரைப் பார்த்து ஆரஞ்சுப் பழ வாசனையைத் தேடாதீர்கள். அது இலையின் அளவைக் குறிக்கும் பெயர்.

எப்படிச் சுவைப்பது?

தேயிலை சோதிப்பவர்களுக்கென 1980-இல் ஓர் அனைத்துலக முறை வகுக்கப்பட்டது. 100 மில்லி லிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிநீர் ஊற்றி மூடி, 6 நிமிடம் விட வேண்டும். வீட்டில் தராசு இல்லையென்றால் தேக்கரண்டியில் தலை தட்டி ஓர் அளவு போடுங்கள். நான்குக்கும் ஒரே அளவு, ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். நிறம் தெரிய வெள்ளைக் கோப்பைகளில் வடிகட்டுங்கள். பாலும் சீனியும் இப்போது வேண்டாம்.

கோப்பையின் அடியில் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. எது எந்த மலை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். வெளிறியதில் தொடங்கிக் கறுத்ததில் முடியுங்கள். கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். அன்று ஒரு நாள் மட்டும் பிள்ளைகளை அதட்டாதீர்கள்! காற்றோடு சேர்ந்து உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்கு ஏறும். இடையிடையே வெறும் தண்ணீரும் கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் போதும்.

கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் பால் ஊற்றிப் பாருங்கள். நுவரெலியாவின் மணம் பாலில் அமுங்கிப்போகும். ருகுணு அசையாமல் நிற்கும். தே தாரிக் ஆற்றுபவர்கள் திடமான தூளைத் தேடுவது ஏன் என்பது அப்போது புரியும்.

ஓர் எச்சரிக்கை: தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரத்தச் சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

கோப்பைக்குள் இருக்கும் கதை

இந்த நான்கில் மூன்று மலைகளின் கதை நம்மவர் கதை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். நோய் கண்டு காப்பித் தோட்டங்கள் அழிந்தபின் மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. அதைப் பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து போன நம் மக்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தால் அவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அதுவே 1976-இல் 'டான்டீ' என்ற அரசு நிறுவனமானது. ஆக, நுவரெலியாவில் கொழுந்து கிள்ளிய கையே நீலகிரியிலும் கிள்ளியிருக்கலாம்.

கேமரன் மலையில் 1929-இல் 'போ' தோட்டம் தொடங்கியது. அங்கும் முதுகில் கூடை சுமந்து மேடேறியவர்களில் தமிழர்கள் ஏராளம்.

நல்ல தேயிலை பெட்டியில் ஏறி ஏலத்துக்குப் போகும், கப்பலேறும். பறித்தவர்களின் வாய்க்கு அந்தச் சுவை எட்டியது குறைவு. ஆகவே அன்றைய முதல் கோப்பையை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கொடுங்கள். அவர் பறித்தது தேயிலையாக இருக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடி, பால்மரம் சீவியவராகவும் இருக்கலாம். கோப்பை கையில் இருக்கும்போது, "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தேநீர் ஆறினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அவர் இருக்கும்போது கேளாமல் விட்ட கதையைப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?