தாலிக்கு முன்னால் நாலு கண்டிஷன்!

வீட்டில் பெண் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "என்ன, அல்லி தர்பாரா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எங்கள் சேவூரில் தறி ஓடும் வீடுகளில் இது தினப்படிக் கிண்டல். தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது என்று பாதி வேலை பெண்கள் கையில்தான். ஆனாலும், கூலிக் கணக்குக் கேட்டால் அவள் அல்லி!

யார் அந்த அல்லி? மதுரையை ஆண்ட ராணி என்கிறது, புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'. ஆண் வாடையே ஆகாது என்று, பெண்களை வைத்தே அரண்மனையை நடத்தியவள். அவள் மேல் ஆசைப்பட்ட அர்ஜுனனின் பாச்சா பலிக்கவில்லை. கடைசியில் கண்ணன் பாம்பாட்டியாக வர, அர்ஜுனன் பாம்பாகி, கூடைக்குள் சுருண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். ராத்திரி அவள் அசந்து தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான்.

சின்ன வயதில் இந்தக் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். அல்லி வேஷம் கட்டியவர் ஓர் ஆண்தான். கட்டியங்காரனை அவர் அதட்டும்போதெல்லாம் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பாம்புக் கூடை வந்ததும் ஆண்கள் பக்கம் விசில். தாலி கட்டும் இடத்தில் எங்கள் ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "தூங்கறவ கழுத்துல கட்டறதெல்லாம் ஒரு கட்டா?"

ஆயாவுக்குத் தெரியாது, அது சட்டக் கேள்வி! ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் என்றால், 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கிய நம் மாநிலத்தின் 1967 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த முறையில் மணப்பவர்கள், தங்களுக்குப் புரிகிற மொழியில், ஒருவரை ஒருவர் ஏற்பதாக வாய்விட்டுச் சொன்னாலே போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும் போதும், தாலி கட்டாயமில்லை.

வாய்விட்டுச் சொல்கிற பெண் என்றதும் எனக்கு ஒரு லண்டன் நாடகம் ஞாபகம் வரும். அங்கேயும் பல காலம் பெண் வேஷம் பையன்களுக்குத்தான். 1660-ல் இரண்டாம் சார்லஸ் ராஜாவாகத் திரும்பி வந்த பிறகே நடிகைகள் மேடை ஏறினார்கள். 1700-ல் வில்லியம் காங்கிரீவ் எழுதிய 'தி வே ஆஃப் தி வேர்ல்டு' நாடகத்தில் மில்லமென்ட் என்ற பெண், காதலன் மிராபெல்லிடம் கல்யாணத்துக்கு முன்பே கண்டிஷன் போடுகிறாள். இஷ்டப்பட்ட நேரம்வரை தூங்குவேன். யார் வீட்டுக்கும் போவேன், யாருக்கும் கடிதம் எழுதுவேன்; கேள்வி கேட்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. என் டீ மேஜைக்கு நான்தான் ராணி. எந்த அறையில் இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டு வா!

கேட்க வேடிக்கைதான். ஆனால், கல்யாணம் ஆனால் மனைவியின் பணம் பெரும்பாலும் கணவன் கைக்குப் போன காலம் அது. 1882-ல்தான் அங்கே அந்தச் சட்டம் முழுசாக மாறியது. ஒரு டீ மேஜையாவது மிஞ்சட்டும் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? மிராபெல்லும் சும்மா இல்லை, பதிலுக்கு அவனும் ஒரு பட்டியல் நீட்டுகிறான். தூங்குகிறவளிடம் இந்தப் பேரம் நடக்குமா?

போன தையில் சொந்தத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம். மாப்பிள்ளையைத் தனியாகப் பேசச் சொன்னார்கள். பெண் கூடத்திலேயே, எல்லார் முன்னாலும் கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் நெய்வேன். கூலி என் பேங்க் கணக்குலதான் ஏறணும். சம்மதங்களா?"

அத்தை ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு, "அல்லி தர்பார்தான் போ" என்றார். மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரிங்க. எனக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு. ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு நான்தான் வைப்பேன். உப்பு பாக்கறேன்னு யாரும் நடுவுல வரக் கூடாது."