அப்ஸரா அணு உலையும் தலைமையின் பொறுப்பும்

திட்டப் பொறியாளர் கேட்ட கேள்விக்கு விடை வருமுன் பருவமே மாறிவிடும் அலுவலகங்களை நாம் அறிவோம். செம்பூருக்கு அப்பாலுள்ள டிராம்பேயில் நிகழ்ந்தது வேறு. 1955இல் முடிவு செய்யப்பெற்ற ‘அப்ஸரா’ அணு உலை 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கிற்று.

அணுசக்திக் கமிஷனின் தலைவரும், 1954இல் அமைந்த அணுசக்தி இலாகாவின் செயலாளரும் டாக்டர் ஹோமி பாபா ஒருவரே. இலாகாவின் தலைமையகமும் டில்லியிலன்றிப் பம்பாயிலேயே இருந்தது. ஆகவே, கொள்கை வகுப்பவருக்கும் உலையைக் கட்டுபவருக்கும் இடையே கோப்புகள் நெடும்பயணம் செய்ய வேண்டியிருக்கவில்லை. செறிவூட்டப்பெற்ற யுரேனியத்தைப் பிரிட்டனிடமிருந்து பெறுதல் தலைமையின் வேலை. நீரே கவசமாகும் இத்தொட்டி வகை உலைக்குரிய கட்டுப்பாட்டுக் கருவிகளை இங்கேயே ஆக்குதல் ஏ. எஸ். ராவ் குழுவினரின் வேலை. நாட்டில் எவரும் முன்னர்ச் செய்திராத காரியம். பிழை நேரின் பொறுப்பேற்க மேலே ஒருவர் இருந்தமையால்தான் கீழுள்ளோர் துணிந்தனர் எனலாம். அவ்வுலை 2009 வரை பணிபுரிந்தது.