உண்ணி ஜுரமும் இரத்தப் பரிசோதனையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சிறுமலை அடிவாரத்துப் புதர்கள் மண்டிவிட்டால், திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஜுரத்தைப் பற்றிய பேச்சும் எழுந்துவிடும். டெங்குவோ டைபாய்டோ என்று வீட்டார் விவாதிப்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டென்பது பலருக்கு நினைவுக்கு வராது. அதுவே ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணி ஜுரம் என்கிறார்கள். மாட்டின்மேல் காணும் உண்ணி இதைக் கொண்டு வருவதில்லை. புல்லிலும் புதரிலும் ஒட்டியிருக்கும் ஒரு நுண்பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. டைபாய்டுடன் பெயரளவிலேதான் ஒற்றுமை.

இதைக் கண்டறியும் பரிசோதனையின் கதை விசித்திரமானது. 1916-ஆம் வருஷத்தில் வெய்ல், பெலிக்ஸ் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர்கள், டைபஸ் நோயாளியின் இரத்த நீர், அந்நோயை உண்டாக்காத புரோடியஸ் என்ற வேறொரு கிருமியைத் திரளச் செய்வதாக வெளியிட்டார்கள். பின்னர் 1920-களில் கோலாலம்பூரில் பிளெச்சரும் லெஸ்லரும் அக்கிருமியின் ‘கிங்ஸ்பரி’ வகையைக் கொண்டு, நகரத்து டைபஸ் வேறு, புதர்க்காட்டு டைபஸ் வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். நம்மவர் வியர்வை சிந்திய தோட்டங்கள் நிறைந்த மலேயாவில் நடந்த ஆராய்ச்சி அது! மலிவான அப்பரிசோதனை பல நோயாளிகளைத் தவற விட்டுவிடும். ஆகையால் இன்று ஐ.ஜி.எம். எலிசா என்பதையே பெரிதும் நம்புகிறார்கள்.

ஆனால் எலிசா தேடுவது கிருமியை அன்று. அதை எதிர்க்கத் தேகம் உண்டாக்கும் பொருளை. அப்பொருள் இரத்தத்தில் தென்படச் சுமார் ஐந்து முதல் ஏழு நாட்கள் செல்லும். மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் ‘நோய் இல்லை’ என்று சீட்டு வந்தால், அதை நம்பி வீட்டில் படுத்திருப்பது அபாயம். சில மாதங்களுக்கு முன் வந்து போன நோயின் சுவடும் ‘உண்டு’ என்று காட்டக்கூடும். முதல் வாரத்திலேயே கிருமியின் அடையாளத்தைத் தேடும் பி.ஸி.ஆர். பரிசோதனை இருக்கிறது, அது எல்லா ஊரிலும் கிட்டுவதன்று.

செலவில்லாத பரிசோதனை ஒன்று நம் கண்ணிலேயே உள்ளது. பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டாற்போலக் கறுத்த பொருக்கு உண்டாவதுண்டு. வலியும் அரிப்பும் பெரும்பாலும் இல்லாமையால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ் என்று மறைவிடங்களில் இருப்பதால் நம் பெண்கள் வைத்தியரிடம் காட்டக் கூசுவார்கள். தாயாரோ சகோதரியோ பார்த்துச் சொல்லலாமே! பொருக்கு இல்லையென்பதால் நோய் இல்லையென்றும் ஆகாது.

தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை யாவும் பாதிக்கப்படும். காலத்தில் கொடுத்தால், விலை குறைந்த டாக்ஸிஸைக்ளின் மருந்திலேயே பெரும்பாலும் இரண்டு நாட்களில் ஜுரம் தணிகிறது. நோய் முற்றியவர்களுக்கு அதனுடன் அஸித்ரோமைஸினையும் சேர்த்து நரம்பின் வழியே செலுத்துவது மேலென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய வைத்தியர்கள் நடத்திய ஆராய்ச்சி 1923-க்குச் சரியாக நூறு வருஷங்களுக்குப் பின், 2023-ல் வெளியாயிற்று. சந்தேகம் வலுத்தால் நல்ல வைத்தியர் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்கிவிடுவார். ஜுரம் கண்டு எத்தனை நாளாயிற்று, புல்லறுக்கவோ ஆடு மேய்க்கவோ எங்கே போனீர்கள் என்பதை மட்டும் அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.