ஒற்றைத் தாளில் ஒரு மாணவர்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் ரயிலேறிய தமிழ் இளைஞர் பலருடைய பெட்டியில், தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேறியதற்கான சான்றிதழ் இருந்தது. சட்டைப் பையில் ஊர்க்காரர் ஒருவரின் விலாசம் இருந்தது. முதல் உத்தியோகத்திற்கு அநேகமாக இவ்விரண்டும் போதுமானவையாக இருந்தன. இன்று புனேயிலோ தில்லியிலோ கல்லூரியில் பயிலும் தமிழ்க் குடும்பத்து மாணவருக்கு, ஊர்க்காரரின் சிபாரிசு இருந்த இடத்தில் ஒரு தாள் நிற்கிறது. ரெஸ்யூமே என்று வழங்கும் அந்தத் தன்விவரத் தாளைக் கொண்டு தமக்கென ஒரு முத்திரையை அமைத்துக்கொள்ளும் வகையைச் சிறிது ஆராய்வோம்.

பிராண்ட் என்னும் ஆங்கிலச் சொல், கால்நடைகளின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இடும் சூட்டுக்குறியைச் சுட்டியது. பிற்பாடு சரக்குகளின் வர்த்தகக் குறிக்கு ஆகிவந்தது. 1997ஆம் ஆண்டில் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், ஒவ்வொருவரும் தம்மையே ஒரு பிராண்டாகக் கருத வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அது முதல் இக்கருத்து வெகுவாகப் பரவிற்று. மனிதரைச் சவர்க்காரக் கட்டியைப் போல் விற்பதா என்று முகம் சுளிப்போர் உண்டு. அக்கூச்சத்தில் நியாயமும் உண்டு. எனினும், இன்னாரிடம் இன்ன காரியத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்று பிறர் மனத்தில் பதியும் எண்ணத்தையே முத்திரை என்று கொண்டால், அதில் குறை காண்பதற்கில்லை.

அவ்வெண்ணம் தாளின் வரிசையிலிருந்து பிறக்கிறது. சுமார் 1482இல் லியனார்டோ டா வின்சி, மிலானில் ஆட்சி செலுத்திய லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை வேண்டி ஒரு கடிதம் வரைந்தார். எளிதில் சுமந்து செல்லத்தக்க பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், கவசமிட்ட வண்டிகள் ஆகியவற்றைத் தம்மால் செய்ய முடியும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஓவியம் எழுதவும் வல்லேன் என்பது கடைசியில்தான் வருகிறது! கேட்பவருக்குப் போர்க்கவலை முதன்மையானது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் மாணவர்களோ பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் தொடங்கி, பொழுதுபோக்கில் முடிக்கிறார்கள். நடுவில் ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணங்கிப் போகிறவர்’ என்று எல்லாரும் எழுதும் வாசகம். இதைப் படிப்பவர் யாரை நினைவில் வைப்பார்? விடுதி உணவுச்சாலையின் மாதக் கணக்கை இரண்டாண்டு எழுதி, வீணாகும் அரிசியைக் குறைத்த வணிகவியல் மாணவர், எவ்வளவு குறைத்தார் என்ற எண்ணோடு அதைத் தாளின் மேற்பாதியில் எழுதட்டும். கணக்கு வேலைக்கு ஆள் தேடுபவர் அங்கே நின்றுவிடுவார். லேடர்ஸ் என்னும் அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆள் தேர்வோர் முதற்பார்வையில் ஒரு தாளுக்குச் சராசரியாக 7.4 விநாடியே செலவிட்டனர்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர்க்குப் பெயரே ஒரு சிக்கல். எம். மீனாட்சி என்ற மாணவியை உதாரணத்திற்குக் கொள்வோம். எம் என்பது தந்தை முருகேசனைக் குறிக்கும் தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றிதழில் அது முன்னே நிற்கும். கல்லூரிப் பதிவேட்டில் பின்னே போயிருக்கும். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தே எழுத வேண்டுமாதலால் அங்கே மீனாட்சி முருகேசன் ஆகியிருப்பார். குடும்பப் பெயர் கேட்கும் படிவம் தந்தையின் பெயரை வாங்கிக்கொள்ள, வேலையில் சேர்ந்த அன்றே ‘முருகேசன்ஜி’ என்று மகளை அழைப்பார்கள். இது வேடிக்கை; ஆனால் நியமனத்திற்குப் பின் சான்றிதழ்களை ஒப்பிடும் வேளையில் மூன்று பெயர்கள் மூன்று ஆட்களாகத் தோன்றுவது வேடிக்கையன்று. பட்டச் சான்றிதழில் எவ்வடிவம் வரப்போகிறதோ அதையே தாளிலும் மின்னஞ்சல் முகவரியிலும் லிங்க்டுஇன் பக்கத்திலும் மாறாமல் வழங்குவது நலம். கல்லூரிப் பதிவேட்டில் பிழையிருப்பின், பட்டம் அச்சாகுமுன் திருத்திக்கொள்ள வேண்டும். தலைப்பெழுத்தைக் கண்டு நாண வேண்டுவதில்லை. அதை இடத்திற்கு இடம் மாற்றுவதே தொல்லை.

மொழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம், நண்பரிடம் இந்தி என்று வளர்ந்த புனே மாணவர் இதைச் சாதாரணமாக எண்ணித் தாளின் மூலையில் ஒதுக்கிவிடுகிறார். வங்கியிலும் மருத்துவமனையிலும் பயணத் துறையிலும் இது மூலதனம். ஆனால் பேசுதல், படித்தல், எழுதுதல் என மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் பேச மட்டும் வருமாயின் அவ்வளவே எழுதுக. நேர்காணல் மேசைக்கு அப்பால் திருநெல்வேலிக்காரர் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும்!

தந்தையின் தொழில், மதம், மணமானவரா என்பன போன்ற விவரங்கள் வரன் தேடும் குறிப்பிலிருந்து இங்கே குடியேறியவை, நீக்கிவிடலாம். ஆதார் எண்ணை எழுதவே கூடாது. அரசு வேலைக்கு அவரவர் படிவம் உண்டு. அதில் கேட்டதைக் கேட்டபடி நிரப்ப வேண்டும்.

அலங்காரத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. ஏ4 தாள் ஒன்று, ஒரே எழுத்துரு, 11 புள்ளி அளவு, தாராளமான ஓரம், இவை போதும். திறமையை ஐந்து நட்சத்திரத்தில் நான்கு என்று படம் போட்டுக் காட்டுவது எதையும் அறிவிப்பதில்லை. யார் அளந்த நான்கு? மேலும், பெரிய நிறுவனங்கள் பலவற்றில் தாளை முதலில் படிப்பது கணினி நிரல். இரண்டு பத்தியாகப் பிரித்த தாளில் இடமும் வலமும் கலந்து அது குழம்பக்கூடும். படத்திற்குள் பொதிந்த எழுத்தைக் காணாமலே விடலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எழுத்துக்கள் முழுவதையும் பிரதியெடுத்து, வெறும் நோட்பேட் பக்கத்தில் ஒட்டிப் பார்க்க வேண்டும். பெயர், தொலைபேசி எண், படிப்பு, செய்த வேலை ஆகியவை அதே வரிசையில் அங்கே வந்து நின்றால் தாளை அனுப்பலாம்.