பொன் போன ஊரில் டயர் கணக்கு

மாதத்தில் பாதி நாள் வெயிலில் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் ஸ்டவ், அரிசி மூட்டை, பாய் படுக்கையோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பும். கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் போன்ற குடியிருப்புகளில் சுற்றுலா வேன் என்பது சில நாள் வீடு. 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு ரூபாயையும் யோசித்தே செலவழிக்கின்றன. 'பட்டன் தேயவில்லையே, புது டயர் எதற்கு?' என்ற கேள்வி அதனால்தான்.

ஆபத்தும் அதில்தான். நின்றே கிடக்கும் டயர் தேய்வதில்லை, மூப்படைகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுக்கி, பக்கவாட்டில் வெடிப்பு விடச் செய்கின்றன. வயதை டயரே சொல்லும்: பக்கத்தில் 2423 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 24வது வாரத் தயாரிப்பு. வாங்கும்போது பளபளப்பை அல்ல, இந்த நான்கு இலக்கங்களையும் தாங்கும் எடையையும் பார்க்க வேண்டும். ரீட்ரெட் டயர் மலிவு. ஆனால் முன்சக்கரத்துக்கு வேண்டாம். பின்னால் இரட்டைச் சக்கரமென்றால் ஜோடி ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியதே அதிகச் சுமையை வாங்கிச் சூடேறும்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும் காலையில், ஸ்டெப்னி உட்பட, காற்றை அளக்க வேண்டும்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய ஊர் இது. கம்பிக் கயிற்றைச் சோதிக்காமல் கூண்டை இறக்கக்கூடாது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். வேனுக்கு டயர்தான் அந்தக் கயிறு.